ஒன்பதாவது பத்தி

மார்ச் 4, செவ்வாய்

வக்கீல் ஆபீஸில் எனக்கென்று ஒரு நாற்காலி வந்துவிட்டது. எட்டு மாதமாகக் கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சின் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு எழுதியவளுக்கு இது பெரிய விஷயம். ஒரு சக்கரம் கோணல். நான் சும்மா இருந்தாலும் அது மெதுவாக ஜன்னல் பக்கம் நகர்ந்துவிடுகிறது. குமாஸ்தா அண்ணன், "பாத்தும்மா, மத்தியானத்துக்குள்ள தெருவுக்கே போயிடப்போற" என்றார்.

நாற்காலியோடு ஒரு வேலையும் வந்தது. பார்சல் கம்பெனிக் கிடங்கில் வேலை செய்கிற ஒருவர் ரிமாண்டில் இருக்கிறார். ஆறடிக்கும் மேலே உயரம் என்பதால் கிடங்கில் அவருக்கு ஏணி என்று பெயர். வாடிக்கையாளர்களுக்குப் போக வேண்டிய போன்கள் காணாமல் போய், போலீஸ் வந்து, அவருடைய 27ஆம் எண் லாக்கரைத் திறந்து மூன்று புது போன்களை எடுத்திருக்கிறது. என்னுடையது இல்லை என்கிறார். அந்தப் போன்களைத் தவிர அவருக்கு எதிராக வேறு ஒன்றும் இல்லை. கோர்ட் உத்தரவு வாங்காமல் தேடியது செல்லாது, அதனால் போன்களை விசாரணையில் சேர்க்கக் கூடாது என்று நீதிபதியிடம் கேட்கப் போகிறோம். கேட்டது கிடைத்தால் வழக்கே நிற்காது. கிடைக்காவிட்டால் அவருக்கு நான்கைந்து வருடம்.

என் சீனியர் மேடம் தும்மலுக்கு நடுவே விளக்கினார். ஒரு மாதமாகவே அவருக்குத் தும்மல்தான். "லாக்கர் அவனோடதுன்னாதான் ஏன் திறந்தீங்கன்னு போலீஸைக் கேக்க முடியும். உள்ள இருந்தது அவனோடதில்லேன்னாதான் தப்பிக்க முடியும். புரியுதா? ரெண்டையும் போட்டுக் குழப்பிடாத. பழைய மனு ஒண்ணு இருக்கும், அதைப் பாத்து எழுது."

மனுவை எழுதப்போவது நான். முழுசாக நானே.

மார்ச் 5, புதன்

போலீஸ் ஃபைல் அறுபத்திரண்டு பக்கம். இரண்டு முறை படித்தேன். கிடங்கின் சூப்பர்வைசர் சம்மதித்து, தன்னிடமிருந்த சாவியால் லாக்கரைத் திறந்து காட்டியதாக ஒரு குறிப்பு. கீழே அவர் கையெழுத்து. கம்பெனி லாக்கர், கம்பெனி சாவி, கம்பெனி ஆள் சம்மதம். நம் பக்கம் கொஞ்சம் மெலிவுதான். ஆனாலும் எழுத எழுத நன்றாக வந்தது. பழைய மனு, வீட்டைச் சோதனை போட்ட வேறொரு வழக்கில் மேடம் எழுதியது. என்ன அழகான வாக்கியங்கள்! பெயர், தேதி, இடம் எல்லாவற்றையும் மாற்றி, சட்டப் பகுதியைப் புதிதாக எழுதிச் சேர்த்தேன்.

வீட்டுக்கு வந்து தங்கச்சியிடம் சொன்னேன். "நீ மனு எழுதுவ, சரி. ஜட்ஜ் முன்னாடி யாரு பேசுறது? பஸ்ஸுல டிக்கெட் கேக்கவே என்னைத்தான முன்னாடி தள்ளுவ" என்றாள். உண்மைதான். பேச மேடம் இருக்கிறாரே.

மார்ச் 6, வியாழன்

சிறைக்குப் போய் ஏணியிடம் கையெழுத்து வாங்கி வந்தேன். கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அவர் முகம் தெரிய வேண்டுமென்றால் குனிய வேண்டியிருக்கிறது. பத்து நிமிடம் கொடுத்தார்கள், அதில் ஏழு நிமிடம் பதிவேட்டில் எழுதுவதிலேயே போய்விட்டது. வயது, வேலை கேட்டேன். கல்யாணம் ஆகவில்லை, அக்கா வீட்டில் இருக்கிறார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்திலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தேன். அவர் வரிசையாகப் போட்டுக்கொண்டே போனார்.

பெருக்கல் குறி போடுவதில் நான் கைதேர்ந்தவள். எட்டாவது படிக்கும்போதே எங்கள் கட்டடத்தில் யாருக்குப் படிவம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். நான் நிரப்பிக் குறி போட்டுக் கொடுத்தால் அப்பா, மாடி வீட்டு மாமா, எல்லோரும் அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவார்கள். யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

மார்ச் 7, வெள்ளி

மனு தாக்கலாகி நம்பர் விழுந்தது. 18ஆம் தேதி விசாரணை. குமாஸ்தா அண்ணன் டீ வாங்கித் தந்தார். நல்ல நாள்.

மார்ச் 9, ஞாயிறு

எப்படி எழுதுவது இதை.

சாயங்காலம் அப்பா துணி தேய்த்துக்கொண்டிருந்தார். லாண்டரியில் ஆறு நாளும் அதே வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை வீட்டுத் துணியையும் அவரேதான் தேய்ப்பார், அம்மாவை விடமாட்டார். "என்னமோ எழுதினியாமே, படிச்சுக் காட்டு, கேப்போம்" என்றார். எனக்கு வெட்கம். இருந்தாலும் நகலை எடுத்துவந்து கொஞ்சம் ராகமாகவே படித்தேன். தங்கச்சிகூட சீண்டாமல் கேட்டாள். எட்டு பத்தி முடிந்து ஒன்பதாவது.

"மேற்படி தேடுதலின்போது என் மனைவி மக்கள் முன்னிலையில் என் உடைமைகள் அனைத்தும் அத்துமீறிக் கைப்பற்றப்பட்டன."

அப்பா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "கொஞ்சம் நில்லு. அந்த ஆளுக்குக் கல்யாணமே ஆகலேன்னு சொன்னியே?"

தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். அம்மாவும். நானும் அரை நொடி சிரித்தேன். அப்புறம்தான் அந்த வரியின் மறுபாதி கண்ணில் பட்டது.

என் உடைமைகள் அனைத்தும்.

லாக்கரில் கைப்பற்றியது போன்களைத்தானே. அய்யோ. போன் எல்லாம் என்னோடதுன்னு அந்த மனுசனே சத்தியம் பண்ணி எழுதிக் கொடுத்த மாதிரி ஆயிடுச்சே. மேடம் எதைக் குழப்பாதேன்னு சொன்னாங்களோ அதையே பண்ணி வெச்சிருக்கேன். எல்லாப் பத்தியும் மாத்தினேன், இந்த ஒரு பத்திய எப்படி விட்டேன்? அவர் படிச்சுப் பாத்திருந்தா சொல்லியிருப்பார். எங்க படிக்க விட்டேன்? குறி போட்டுக் குடுத்தேன், போட்டுட்டார். படிச்சுக் காட்டணும்னு எனக்குத் தோணவே இல்லியே. ஏன் தோணல?



மார்ச் 10, திங்கள்

மேடத்திடம் சொல்லிவிட்டேன். காலை ஒன்பதிலிருந்து அவர் அறை வாசலுக்கு நான்கு முறை போய்த் திரும்பி, ஐந்தாவது முறை உள்ளே போனேன். அவர் அந்தப் பத்தியைப் படித்தார், தும்மினார், மறுபடி படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"லாக்கருக்குள்ள குடும்பமே நடத்தியிருக்கானே" என்றார்.

பிறகு சிரிப்பு போய்விட்டது. அரசு வக்கீல் இதை விடமாட்டார் என்றார். திருத்த மனு போட வேண்டும், ஏணி புதிதாகக் கையெழுத்துப் போட வேண்டும். ஏன் மாறியது என்று நீதிபதி கேட்பார். நம்புவாரா என்பது அவர் பாடு. "நீ போய் அவன்கிட்ட சொல்லு. நான் வந்து உனக்காகச் சொல்ல மாட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மார்ச் 11, செவ்வாய்

சிறை. மனு போட்டு அரை மணி நேரம் வாங்கினேன்.

ஏணியிடம் சொல்ல வேண்டியதை பஸ்ஸிலேயே மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். வலைக்கு முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்துபோயிற்று. ஒன்பதாவது பத்தியை அப்படியே படித்தேன். இது நான் செய்த தப்பு, உங்களுக்குப் படித்துக் காட்டாததும் என் தப்பு என்றேன். 

அவர் வலையை விரல்களால் பிடித்துக்கொண்டார்.

"மூணு போனையும் குடுத்துட்டீங்க. கல்யாணமும் பண்ணி வெச்சுட்டீங்க" என்றார். "எங்கக்கா எட்டு வருசமா பொண்ணு தேடுது வக்கீலம்மா. ஒரே பத்தியில முடிச்சிட்டீங்களே."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவரும் சிரித்தார். ஆனால் சிரித்து முடிந்ததும் வலையைப் பிடித்திருந்த விரல்களை எடுக்கவில்லை. "சரி பண்ணிரலாம்ல?" என்று மட்டும் கேட்டார். தெரியாது, முயற்சி செய்கிறோம் என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

இந்தத் தடவை புதிய மனுவை வரிவரியாகப் படித்தேன். "சூப்பர்வைசர் தன்னிடமிருந்த சாவியால் திறந்து" என்ற இடம் வந்தபோது நிறுத்தச் சொன்னார்.

"சாவியா? அவர்கிட்ட ஏது சாவி? என் பூட்ட வெட்டித்தான திறந்தாங்க. வாங்கி ஒரு மாசம்கூட ஆகல அந்தப் பூட்டு."

ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று கேட்டேன். "யாரும் கேக்கலியே" என்றார்.

கிடங்கில் இரண்டு ஷிப்டுக்கு ஒரே லாக்கராம். காலை ஆள் ஒருவர், மாலை ஆள் ஒருவர். 27இல் ஏணிக்கு மேல் தட்டு. காலை ஷிப்டுக்காரருக்கு, அவரைப் பஞ்சு என்று கூப்பிடுவார்களாம், கீழ்த் தட்டு. "என்னால குனிய முடியாதே, அதான்." இருவரும் தங்கள் சொந்தப் பூட்டைப் போட்டிருக்கிறார்கள்.

போன்கள் எந்தத் தட்டில் இருந்தன என்று கேட்டேன். கீழே என்று கேள்விப்பட்டாராம். "ஆனா பஞ்சுதான் வெச்சான்னு எழுதிராதீங்க. நான் பாக்கல. பாக்காதத எப்படி எழுதுறது?"

அவர் சொன்னபடியே எழுதினேன். லாக்கரில் என் பூட்டு உண்டு. மேல் தட்டு என்னுடையது. போன்கள் என்னுடையவை அல்ல. யார் வைத்தார்கள் என்று தெரியாது. நான்கு வரி. அதைத்தான் முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 12, புதன்

குமாஸ்தா அண்ணனோடு கிடங்குக்குப் போனேன். தகரக் கூரை, ஓடிக்கொண்டே இருக்கும் பெல்ட், அட்டைப் பெட்டியின் வாசனை. சுவரோரமாக நாற்பது லாக்கர்கள்.

பார்த்ததும் புரிந்துவிட்டது. ஒவ்வொரு கதவிலும் ஒரு சின்னச் சங்கிலி. அதன் இரண்டு முனைகளையும் இணைப்பது இரண்டு பூட்டுகள், ஒன்றின் வளையத்துக்குள் இன்னொன்றின் வளையம் மாட்டியபடி. எந்தப் பூட்டைத் திறந்தாலும் சங்கிலி விழுந்துவிடும். இவர் சாவி அவரிடம் இருக்க வேண்டியதில்லை, அவர் சாவி இவரிடம் இருக்க வேண்டியதில்லை. எவ்வளவு கச்சிதமான ஏற்பாடு! முப்பத்தொன்பது கதவில் எழுபத்தெட்டுப் பூட்டு. நானே எண்ணினேன். 27இல் மட்டும் புதுச் சங்கிலி, ஒரே ஒரு பூட்டு.

சூப்பர்வைசர் ஒல்லியான, பயந்த மனிதர். கம்பெனிச் சாவி ஏதாவது உண்டா என்று கேட்டேன். கேட்டது நான்தான், அண்ணன் பெட்டிகளை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவங்கவங்க பூட்டும்மா. எனக்கெதுக்குச் சாவி?"

அப்படியானால் போலீஸ் குறிப்பில் எப்படிக் கையெழுத்துப் போட்டீர்கள்? அவர் தரையைப் பார்த்தார். "எழுதிக் கொண்டாந்தாங்க. இங்க போடுங்கன்னாங்க. போட்டேன்."

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்பட எனக்கென்ன யோக்கியதை.

மார்ச் 13, வியாழன்

போலீஸ் ஃபைல், 41ஆம் பக்கம், திறந்த லாக்கரின் போட்டோ. பெரிதாக்கிப் பார்த்தேன். இடது மூலையில், தரையில், ஏதோ கொக்கி என்று நான் இத்தனை நாள் நினைத்திருந்தது வெட்டுப்பட்ட பூட்டு. மேடத்திடம் காட்டியதும் தும்மலை நிறுத்திவிட்டு, "அவங்களே எடுத்த போட்டோ, அவங்களே வெச்ச ஃபைல்" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டார். திருத்த மனு தாக்கல். சூப்பர்வைசருக்குச் சம்மன்.

மார்ச் 17, திங்கள்

நாளைக்கு. அம்மா என் கறுப்பு அங்கியை அப்பாவிடம் கொடுத்துவிட்டாள். அப்பா மூன்று தடவை தேய்த்துவிட்டார்.

மார்ச் 18, செவ்வாய்

நிதானமாக எழுத வேண்டும், ஒன்றையும் விடக்கூடாது.

நான்காவது கேஸ் நம்முடையது. ஏணியைக் கூண்டுக்குள் நிறுத்தினார்கள், கூண்டு அவருக்கு இடுப்பளவுகூட வரவில்லை. அவருடைய அக்கா கடைசி வரிசையில் கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அரசு வக்கீல் எழுந்ததும் இரண்டு மனுக்களையும் இரண்டு கையிலும் தூக்கிப் பிடித்தார். பத்து நாளைக்கு முன்பு என் உடைமைகள் என்று சத்தியம் செய்தவர் இப்போது இல்லை என்று சத்தியம் செய்கிறார், எந்தச் சத்தியத்தை நம்புவது என்றார். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அக்கா எங்களைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். வயதானவர், குரலே உயராது. "இந்த ஒன்பதாவது பத்தியை எழுதினது யாரு?"

மேடம் நாற்காலியைப் பின்னால் தள்ளும் சத்தம் கேட்டது. ஆனால் நான் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

"நான்தான்" என்றேன்.

கொஞ்சம் சத்தமாகச் சொல்லச் சொன்னார்.

"நான்தான் எழுதினேன். வேற ஒரு வழக்கு மனுவைப் பாத்து எழுதினேன். அந்த ஒரு பத்திய மாத்தாம விட்டுட்டேன். அவர் அப்படிச் சொல்லவே இல்ல." அந்தப் பழைய மனுவைக் கொண்டுபோயிருந்தேன். கட்சிக்காரர் பெயரை மேடம் மறைத்துக் கொடுத்திருந்தார். கொடுத்தேன். 

நீதிபதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தார். ரொம்ப நேரம். பிறகு அரசு வக்கீலிடம், குற்றம் சாட்டப்பட்டவருக்குத் திருமணம் ஆகியிருக்கிறதா என்று கேட்டார். போலீஸ் ஃபைலைப் புரட்டிவிட்டு இல்லை என்றார் அவர்.

"அப்ப கிடங்குல, லாக்கர் முன்னாடி, எந்த மனைவி மக்கள் நின்னாங்க?"

அரசு வக்கீலே சிரித்துவிட்டார். முழு அறையும் சிரித்தது. கூண்டுக்குள் ஏணி சிரிப்பை அடக்கத் தலை குனிந்துகொண்டார்.

நான் உட்காரப் போனேன். நீதிபதி விடவில்லை. "கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி அவருக்குப் படிச்சுக் காட்டினீங்களா?"

இதற்கு நான் தயாராகவே இல்லை. நேரம் போதவில்லை என்று சொல்லலாம். அதுவும் உண்மைதான். மூன்று நிமிடம்தான் இருந்தது. ஆனால் முப்பது நிமிடம் இருந்திருந்தாலும் படித்திருக்க மாட்டேன். எனக்கு அது தெரியும்.

"இல்ல" என்றேன். "ரெண்டாவது மனுவைப் படிச்சுக் காட்டினேன்."

அவர் அதை எழுதிக்கொண்டார். உட்காரச் சொன்னார்.

பிறகு மேடம் சூப்பர்வைசரைக் கேள்வி கேட்டார். ஒரு தும்மல்கூட இல்லை. 27ஆம் லாக்கருக்கு உங்களிடம் சாவி இருந்ததா? இல்லை. யார் திறந்தது?  "நான் திறக்கல. அவங்க கட்டர் கொண்டாந்தாங்க." மேடம் 41ஆம் பக்கத்தை நீதிபதியிடம் நீட்டி மூலையில் விரலை வைத்தார். குறிப்பு எழுதிய போலீஸ்காரரைக் கேட்டபோது, சாவியால் திறப்பதுதான் வழக்கம், அதனால் அப்படி எழுதிவிட்டேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவரும் பழையதைப் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார்!

உத்தரவு 24ஆம் தேதி.

வெளியே வந்ததும் மேடம் சொன்னது ஒன்றே ஒன்று: "பசிக்குது, வா." இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம்.

மார்ச் 19, புதன்

அந்தப் போன்களை யாரோ எடுத்துத்தானே வைத்திருக்க வேண்டும். ஏணி இல்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. பாக்காதத எப்படி எழுதுறது என்று அவர் சொன்னதுதான் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு மேல் கண்டுபிடிப்பது என் வேலை இல்லை. இப்படி எழுதியதும் மனம் அடங்கிவிட்டது. அடங்கியது சரியா என்று இன்னொரு நாள் யோசிக்கிறேன்.

மார்ச் 24, திங்கள்

ஜெயித்துவிட்டோம்.

சாவியால் திறந்ததாகச் சொல்லும் குறிப்பை நம்ப முடியவில்லை. தொழிலாளி தன் பூட்டைப் போட்டுத் தன்னுடையதாக வைத்திருந்த இடத்தை வெட்டித் திறக்க உத்தரவு வாங்கியிருக்க வேண்டும். போன்களை விசாரணையில் சேர்க்கக் கூடாது. ஆறு பக்கம். நான்காம் பக்கத்தில் நான் இருக்கிறேன்: "மனுவைத் தயாரித்த இளம் வழக்கறிஞரின் கவனக்குறைவு வருந்தத்தக்கது, அதை அவர் ஒளிக்காதது குறிப்பிடத்தக்கது."

வீட்டில் படித்தேன். அப்பா அந்த வாக்கியத்தை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். "முதல் பாதிய விட்டுட்டுப் படி" என்றாள் அம்மா. தங்கச்சி அதை போனில் படம் எடுத்து மாடி வீடு வரைக்கும் காட்டிவிட்டு வந்தாள், முழுசாகவே.

ஏப்ரல் 2, புதன்

வழக்கை மேலே நடத்தப் போவதில்லை என்று அரசு வக்கீல் எழுதிக் கொடுத்துவிட்டார். ஏணி வெளியே. கிடங்கில் திரும்ப எடுத்துக்கொண்டார்களாம்.

ஏப்ரல் 8, செவ்வாய்

மதியம் ஏணி ஆபீஸுக்கு வந்தார். வாசல் நிலையில் தலை இடிக்காமல் குனிந்து வந்தார். லாக்கரிலிருந்து போலீஸ் எடுத்துப்போன அவருடைய சாமான்கள் இன்னும் கோர்ட்டில் இருக்கின்றன. திருப்பிக் கேட்டு மனு போட வேண்டும்.

பழைய மனு எதையும் எடுக்கவில்லை. வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன். துண்டு? என்னுது. டிபன் பாக்ஸ்? என்னுது. கையுறை, குடை, தைல பாட்டில், எல்லாம் அவருடையதுதான். பட்டியலில் அடுத்து வந்ததை வேண்டுமென்றே கேட்டேன்.

"மூணு போன்?"

"அம்மா, என்னை விட்டுருங்க" என்றார். குமாஸ்தா அண்ணன் ஆளுக்கு ஒரு டீ கொண்டுவந்து வைத்தார்.

எழுதி முடித்துத் தாளை அவர் பக்கம் திருப்பினேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். மெதுவாகத்தான் படிக்கிறார். சில வார்த்தைகளில் உதடு அசைகிறது. டீ ஆறியது. எனக்கு அடுத்த ஆள் காத்திருந்தார். நான் என் டீயைக் குடித்தேன்.

"சீப்பு ரெண்டுன்னு போட்டிருக்கீங்க" என்றார். "ஒண்ணுதான்."

இரண்டை அடித்து ஒன்று என்று திருத்தினேன். அவர் மறுபடி முதலிலிருந்து படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.